சிங்கப்பூரா, மத்தியதரைக் கடலா, அலாஸ்காவா? இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்ற கப்பல் சுற்றுலா எது

கப்பல் சுற்றுலாவுக்கு விலை விசாரிக்கிறவர்கள் அறையில் பால்கனி உண்டா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, மொத்தம் எத்தனை இரவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அவற்றுக்கெல்லாம் முன்பு கேட்க வேண்டியது வேறொன்று: அந்தக் கப்பல் எந்தெந்த நாட்டின் எல்லையை, எந்த வரிசையில், எத்தனை முறை கடக்கிறது? விமானத்தில் போகிறவர் பெரும்பாலும் ஒரு நாட்டுக்குள் ஒருமுறை நுழைந்து ஒருமுறை வெளியேறுகிறார். கப்பலில் போகிறவரோ ஒரே வாரத்தில் மூன்று நாடுகளைத் தொட்டுவிட்டு, புறப்பட்ட நாட்டுக்குள்ளேயே மறுபடியும் நுழைகிறார். இந்த மறுநுழைவைக் கணக்கில் சேர்க்காமல் விசா எடுத்தவர்கள் துறைமுகத்தில் பெட்டியோடு நின்றுவிட நேர்கிறது.

சென்னையிலிருந்து கிளம்பும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம்: கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளை, அறுபதைத் தாண்டிய பெற்றோர் ஒருவர். இவர்கள் முன் பொதுவாக வைக்கப்படும் பயணங்கள் மூன்று. சிங்கப்பூரில் ஏறி மலேசியா, தாய்லாந்து போய்த் திரும்புவது ஒன்று. பார்சிலோனாவிலோ ரோமுக்கு அருகிலுள்ள சிவிட்டாவெக்கியா துறைமுகத்திலோ ஏறி மத்தியதரைக் கடலைச் சுற்றுவது இன்னொன்று. சியாட்டிலில் ஏறி அலாஸ்கா போய்வருவது மூன்றாவது. பாஸ்போர்ட்டே இல்லாதவர்களுக்கு நம் கடற்கரையோடு முடிகிற பயணம் ஒன்றும் உண்டு. அதை முதலில் சொல்லி முடித்துவிடலாம்.

மும்பையிலிருந்து கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று போய்வரும் கப்பல்களில் இந்தியக் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. ஆதார் போன்ற அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டை போதும். லட்சத்தீவில் கால் வைக்க இந்தியர்களுக்கும் தனி அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதால், அதைக் கப்பல் நிறுவனம் எடுத்துத் தருகிறதா என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் அதே கப்பல் இலங்கைப் பக்கம் திரும்பினால் நிலைமை மாறிவிடும். கோர்டீலியா என்ற கப்பல் நிறுவனம் 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குத் தொடங்கிய பயணத்தில், நம் கடல் எல்லையைத் தாண்டுகிற அந்தக் கணமே அது வெளிநாட்டுப் பயணமாகிவிட்டது. ஆறு மாதத்துக்குக் குறையாத செல்லுபடிக் காலமுள்ள பாஸ்போர்ட்டும் இலங்கை அரசின் மின்னணுப் பயண அனுமதியும் இல்லாமல் அதில் ஏற முடியாது. காங்கேசன்துறை நம் கரைக்கு எவ்வளவு பக்கம் என்பது குடிநுழைவு அதிகாரிக்கு ஒரு பொருட்டல்ல.

எந்தப் பயணமானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

பாஸ்போர்ட் இன்னும் காலாவதியாகவில்லை என்பது மட்டும் போதாது. சிங்கப்பூரும் தென்கிழக்காசிய நாடுகளும் ஆறு மாத மிச்சத்தை எதிர்பார்க்கின்றன. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான ஷெங்கன் நாடுகள் தம் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் மிச்சமிருக்க வேண்டும் என்றும், பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. கப்பல் நிறுவனங்கள் இந்த நுணுக்கங்களுக்குள் போகாமல், பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதம் என்று ஒரே அளவுகோலை வைத்துக்கொள்வது வழக்கம். குடும்பத்தில் இந்தத் தேதி முதலில் இடிப்பது பெரும்பாலும் பிள்ளையின் பாஸ்போர்ட்டில்தான். பெரியவர்களுக்குப் பத்து ஆண்டுக்கு வழங்கப்படுவது பிள்ளைகளுக்கு ஐந்து ஆண்டுக்கே வழங்கப்படுகிறது. நம்முடையதைப் பார்த்துவிட்டு எல்லாருடையதும் சரியாக இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம்.

அடுத்தது பெயர். தமிழர்களுக்கு இது தனியாகவே ஒரு பாடம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும்தான் உண்டு. பழைய பாஸ்போர்ட்டுகள் பலவற்றில் குடும்பப் பெயருக்கான இடம் வெற்றிடமாகவே இருக்கும். கப்பல் முன்பதிவுப் படிவமோ இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. பயண முகவர் அவசரத்தில் ஒரு கட்டத்தில் முதலெழுத்தைப் போடுவார், விமானச் சீட்டில் தந்தையின் முழுப் பெயர் வரும், விசாவில் வேறொன்று அச்சாகும். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரரின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறி, இயற்பெயர்க் கட்டத்தில் பெயர் தெரியாது என்பதற்கான மூன்றெழுத்துக் குறி அச்சாகும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைச் சொல் பெயருள்ள பாஸ்போர்ட்டுகளுக்குச் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு விதித்தபோது, துபாயில் கப்பலேறத் திட்டமிடும் நம்மவர்களும் இந்தக் கட்டத்தைக் கவனிக்க வேண்டியதாயிற்று. மூன்று பயணங்களில் எதைத் தேர்ந்தெடுப்பதானாலும், முதலில் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து இரண்டு கட்டங்களையும் நிரப்பிக்கொள்வதே என் பரிந்துரை. முப்பத்தாறு பக்கப் பாஸ்போர்ட்டுக்கான 1500 ரூபாய், இந்தத் தொல்லைக்கு எதிரான மலிவான காப்பீடு.

பெற்றோரின் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு, அதாவது ஈ.சி.ஆர். முத்திரை, இருந்தால் பலர் கலங்குகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வேலைக்காக வெளிநாடு போகும்போது ஏமாற்றப்படாமல் இருக்க ஏற்பட்ட ஏற்பாடு அது. மலேசியாவும் தாய்லாந்தும் அந்தச் சோதனை பொருந்தும் பதினெட்டு நாடுகளின் பட்டியலில் இருந்தாலும், சுற்றுலாவுக்குப் போகிறவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை; ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் குறிப்பே பொருந்தாது. திரும்பும் பயணச்சீட்டைக் கையில் வைத்திருந்தால் போதும்.

“அந்த ஊரில் நாங்கள் கப்பலை விட்டு இறங்கவே போவதில்லை, பிறகு விசா எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. கப்பல் ஒரு துறைமுகத்தில் நிறுத்தப்படும்போது அதிலுள்ள அத்தனை பேரின் பட்டியலும் அந்த நாட்டு அதிகாரிகளிடம் போகிறது. நடுவழியில் நெஞ்சுவலி வந்தவரை அடுத்த துறைமுகத்தில்தான் இறக்கி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அப்போது விசா இல்லையென்றால் நோயாளியோடு துணைக்கு இறங்க வேண்டியவரின் பாடு திண்டாட்டம். புயல் காரணமாகக் கப்பல் துறைமுகத்தை மாற்றுவதும் உண்டு. ஆகையால் பயணத்திட்டத்திலுள்ள எல்லா நாடுகளுக்கும் ஆவணம் இருந்தால்தான் ஏற்றுவோம் என்று பல நிறுவனங்கள் நிபந்தனை வைக்கின்றன. உரிய ஆவணத்தைத் தேடி எடுக்க வேண்டியது பயணியின் பொறுப்பு என்பது அவர்களுடைய ஒப்பந்தத்திலேயே இருக்கும்; ஏற்ற மறுத்தால் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவதில்லை.

சிங்கப்பூர்: எளிது, ஒரே ஒரு கண்ணியைத் தவிர

முதல்முறை கப்பலேறுகிறவர்களுக்கு நான் சொல்வது சிங்கப்பூர்தான். 2012இல் திறக்கப்பட்ட மரீனா பே கப்பல் நிலையத்திலோ ஹார்பர்ஃபிரன்ட்டிலுள்ள நிலையத்திலோ ஏறி, பினாங்கு, கிள்ளான் துறைமுகம், புக்கெட் என்று மூன்று முதல் ஐந்து இரவுகளில் திரும்பிவிடலாம். இவற்றுள் இந்தியருக்கு முன்கூட்டி விசா கேட்கும் நாடு சிங்கப்பூர் ஒன்றுதான். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு முப்பது நாள் விசா விலக்கு அளித்து, அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. தாய்லாந்து 2023 நவம்பரில் விலக்கு அளித்து, 2024 ஜூலையில் அதை அறுபது நாளாக்கியது. இவ்வகைச் சலுகைகள் அரசாணையால் வந்தவை, அரசாணையால் போகக்கூடியவை; முன்பதிவு செய்யும் நாளிலும், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும் இரண்டு நாட்டுக் குடிநுழைவுத் துறைகளின் தளங்களையும் பார்த்துவிட வேண்டும்.

சிங்கப்பூர் விசாவுக்கு நேர்காணல் இல்லை, கைரேகை இல்லை. அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக விண்ணப்பம், புகைப்படம், பயணத்திட்டம் ஆகியவற்றைக் கொடுத்தால் சில வேலை நாட்களில் மின்விசா வந்துவிடுகிறது. விண்ணப்பக் கட்டணம் முப்பது சிங்கப்பூர் வெள்ளி. முகவரின் சேவைக் கட்டணம் தனி. கண்ணி இருப்பது அந்த மின்விசாவின் ஒரு வரியில். கப்பல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது நீங்கள் அந்த நாட்டை விட்டு வெளியேறிவிட்டீர்கள். திரும்பி வரும்போது இரண்டாம் முறையாக நுழைகிறீர்கள். எனவே விசா பலமுறை நுழைவுக்கு உரியதாக இருக்க வேண்டும். இந்தியர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் வழங்கப்படுகிறது என்றாலும், எல்லாருக்கும் அப்படியே வரும் என்று கட்டாயமில்லை. நால்வரின் விசாவையும் அச்சிட்டு, அந்த வரியை ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் படிக்க வேண்டும். எந்தத் துறைமுகத்துக்கும் போகாமல் கடலில் மூன்று நாள் மிதந்துவிட்டுத் திரும்பும் பயணங்களுக்கும் இந்த விதி பொருந்தும். வேறு நாட்டையே பார்க்காதவருக்கு இரண்டாவது நுழைவு எதற்கு என்று தோன்றலாம். சட்டத்தின் பார்வையில் அவர் வெளிநாடு போய் வந்தவர்.

விசா தவிர, மின்னணு வருகை அட்டைகள் இருக்கின்றன. சிங்கப்பூருடையதை நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. விமானத்தில் வந்திறங்கும்போது ஒருமுறை நிரப்பியவர், கப்பலில் திரும்பும்போது இன்னொருமுறை நிரப்ப வேண்டும். மலேசியா 2024 ஜனவரி முதலும் தாய்லாந்து 2025 மே முதலும் இதுபோன்ற அட்டைகளை வைத்துள்ளன. மூன்றும் இலவசம் என்பதால், இவற்றை நிரப்பித் தருகிறோம் என்று பணம் கேட்கும் போலித் தளங்களுக்குக் குறைவே இல்லை. கப்பலில் இணையம் விலை உயர்ந்தது. திரும்பும் நாளுக்குரிய அட்டையைக் கரையிலுள்ள துறைமுகத்தில் நல்ல இணைப்பு கிடைக்கும்போதே நிரப்பிவிடுவது சிக்கனம்.

கணக்கில் வராத இன்னொரு சிக்கல் தேதி பற்றியது. கப்பல் கட்டணத்தின் கடைசித் தவணையைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கட்டிவிட வேண்டும். சிங்கப்பூரோ வருகைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கும்போது விண்ணப்பிக்கச் சொல்கிறது. ஆக, விசா கிடைக்குமா என்று தெரியாமலேயே முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறோம். மறுக்கப்படுவது அரிது என்பதால் இந்த இடரை ஏற்கலாம் என்பது என் கருத்து. ஆனால் முன்பு ஏதேனும் நாட்டில் விசா மறுக்கப்பட்டவர், ரத்துசெய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகைக் கட்டணத்தைச் சற்றே கூடுதலாகக் கொடுத்தாவது எடுத்துக்கொள்வது நல்லது. பினாங்கில் கப்பல் வந்து நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து நடந்தே லிட்டில் இந்தியாவுக்கும், 1833இல் எழுந்த குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்கும் போய்விடலாம் என்பது பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கு ஒரு கொசுறு.

மத்தியதரைக் கடல்: மேற்குப் பக்கமா, கிழக்குப் பக்கமா

ஐரோப்பாவைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்மையில் இரண்டு வெவ்வேறு பயணங்களுக்கிடையே தேர்ந்தெடுக்கிறார்கள். விளம்பரத் தாளில் இரண்டும் ஏழு இரவுகள்தான், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், படத்தில் கிழக்குப் பக்கம் இன்னும் அழகு. விசாக் கணக்கில் இரண்டுக்கும் வெகு தூரம்.

மேற்குப் பக்கப் பயணம் பார்சிலோனா, மார்சேய், ஜெனோவா, சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ், பலேர்மோ என்று போகும்; சில கப்பல்கள் மால்ட்டாவின் வலேட்டாவையும் சேர்த்துக்கொள்ளும். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, மால்ட்டா நான்கும் ஷெங்கன் கூட்டமைப்பிலுள்ள 29 நாடுகளைச் சேர்ந்தவை. கப்பல் இவற்றை மட்டும் தொட்டுத் திரும்பினால் எல்லைச் சோதனையே கிடையாது. சட்டப்படி நீங்கள் ஒரே பகுதிக்குள் நகர்ந்துகொண்டிருக்கிறீர்கள். ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா ஒன்றே முழுப் பயணத்துக்கும் போதும். ஆறு ஊர்களுக்கு ஒரு விசா என்பது இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிக்கனமான பேரம்.

கிழக்குப் பக்கத்தில் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் ஏறி மிக்கோனோஸ், துருக்கியின் குஷாதாசி, பிறகு சாண்டோரினி என்று போகும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். மிக்கோனோஸிலிருந்து குஷாதாசிக்குக் கப்பல் கிளம்பும்போது ஷெங்கனை விட்டு வெளியேறுகிறோம். சாண்டோரினிக்கு வரும்போது மறுபடியும் நுழைகிறோம். ஒருமுறை நுழைவு விசா இங்கே செல்லாது. கப்பலில் ஏறும் இடத்திலேயே இதைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டால் அது நல்லகாலம் என்றுதான் சொல்ல வேண்டும்; நடுவழியில் தெரியவந்தால் துருக்கியிலிருந்து சொந்தச் செலவில் விமானமேறித் திரும்ப வேண்டியிருக்கும். துருக்கிக்குத் தனி விசாவும் வேண்டும். செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டன் அல்லது அயர்லாந்து விசா வைத்திருக்கும் இந்தியர்கள் அதை இணையத்திலேயே மின்விசாவாக எடுத்துக்கொள்ளலாம். அட்ரியாட்டிக் கடல் பயணங்களில் மாண்டினிக்ரோவின் கோட்டோர் விரிகுடா வந்தால் அங்கேயும் இதே வெளியேற்றமும் மறுநுழைவும் நடக்கின்றன. ஷெங்கன் விசா இருப்பவர்களைத் தனி விசா இல்லாமல் மாண்டினிக்ரோ உள்ளே விடுகிறது என்றாலும், திரும்பி ஷெங்கனுக்குள் வர இரண்டாவது நுழைவு வேண்டும். குரோவேஷியா 2023 ஜனவரியில் ஷெங்கனில் சேர்ந்துவிட்டதால் டுப்ரோவ்னிக் இப்போது தொல்லையில்லாத துறைமுகம். அதற்கு முந்தைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம். சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தும் ஷெங்கனில் இல்லை. லிமாசோல் வரும் பயணத்திட்டத்தைக் கண்டால் அதையும் வெளிநாடாகவே எண்ண வேண்டும்.

பலமுறை நுழைவு விசாவைக் கேட்டு விண்ணப்பித்தால் தர மாட்டார்களா என்றால், தருவார்கள். கேட்பதற்குக் கப்பலின் பயணத்திட்டமே சான்று. அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு துறைமுகத்தின் பெயரும் தேதியும் நாடும் தெளிவாக இருக்கும்படி நிறுவனத்திடமிருந்து கடிதம் வாங்கி இணைத்து, விண்ணப்பத்திலும் பலமுறை நுழைவு என்ற கட்டத்தையே குறிக்க வேண்டும். இந்தியர்களுக்கென்று 2024 ஏப்ரலில் வந்த புதிய நடைமுறைப்படி, முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டாண்டுப் பலமுறை விசாவும், அதற்குப் பிறகு ஐந்தாண்டு விசாவும் கிடைக்க வழி ஏற்பட்டிருக்கிறது. அந்த நிலையில் இருப்பவருக்குக் கிழக்கும் மேற்கும் ஒன்றுதான். முதல்முறை போகிறவர் முடிவு அதிகாரியின் கையில் இருக்கிற ஒன்றை நம்பிக் கிழக்குப் பக்கத்துக்கு முன்பதிவு செய்வதை நான் ஆதரிப்பதில்லை.

எந்த நாட்டுத் தூதரகத்திடம் விண்ணப்பிப்பது என்பதும் கப்பலில் சற்றுச் சிக்கலானது. அதிக நாள் தங்கும் நாட்டிடம் என்பது விதி. எல்லாம் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பகல் மட்டுமே நிற்கும் கப்பலில் இந்தக் கணக்கு வாதத்துக்கு இடம் தரும். அதைத் தவிர்க்க எளிய வழி, ஏறும் ஊரில் கப்பலுக்கு முன்பு இரண்டு மூன்று இரவு ஓட்டலில் தங்குவது. பார்சிலோனாவில் தங்கினால் ஸ்பெயின் என்று தெளிவாகிவிடும். விமானம் தாமதித்துக் கப்பலைத் தவறவிடும் ஆபத்தும் குறையும். விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குத் தொண்ணூறு யூரோ, ஆறு முதல் பதினோரு வயதுவரை நாற்பத்தைந்து யூரோ. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறையாமல் விண்ணப்பித்தாக வேண்டும். கைரேகை ஒருமுறை கொடுத்தால் 59 மாதங்களுக்கு மறுபடியும் பயன்படும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில் முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் பதிவாவதால், முதல் நுழைவில் வரிசை நீளலாம். கப்பல் கிளம்பும் அன்று காலையில் ஐரோப்பாவில் இறங்கும்படி விமானச்சீட்டு எடுக்காமலிருக்க இது இன்னொரு காரணம்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஏறி நார்வே ஃபியோர்டுகளுக்குப் போகும் பயணங்கள் விலையில் கவர்ச்சியானவை. ஆனால் பிரிட்டன் விசா ஒன்று, ஷெங்கன் விசா ஒன்று என்று இரட்டைச் செலவு. பிரிட்டனின் சுற்றுலா விசா இயல்பாகவே பலமுறை நுழைவுக்கு உரியது என்பதால் திரும்பி வருவதில் சிக்கலில்லை. லண்டனில் உறவினர் இருந்து எப்படியும் அந்த விசாவை எடுக்கப் போகிறவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

அலாஸ்கா: ஒரு சட்டத்தால் கூடிய ஒரு விசா

அமெரிக்காவுக்குள்ளேயே ஏறி, அமெரிக்காவுக்குள்ளேயே சுற்றி, அமெரிக்காவிலேயே இறங்குகிறோம், அமெரிக்க விசா மட்டும் போதும் என்று எண்ணுவது இயல்பு. போதாது. 1886இல் இயற்றப்பட்ட பயணிக் கப்பல் சேவைச் சட்டம், வெளிநாட்டுக் கொடியேற்றிய கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் பயணிகளை ஏற்றிப் போவதைத் தடுக்கிறது. உலகின் பெரிய சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியை ஏற்றியவை. எனவே சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போய்த் திரும்பும் கப்பல்கள் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டியிருக்கிறது. அது வழக்கமாகக் கனடாவின் விக்டோரியா. கொரோனாக் காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது, 2021இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு இந்த நிபந்தனையைத் தற்காலிகமாகத் தளர்த்தியதிலிருந்தே இதன் இறுக்கம் விளங்கும்.

அந்த ஓர் மாலை நேரத்து விக்டோரியாவுக்காக இந்தியப் பாஸ்போர்ட்காரர் கனடா விசா எடுக்க வேண்டும்: நூறு கனடிய டாலர் கட்டணம், கைரேகைக்கு எண்பத்தைந்து. அமெரிக்க விசாவுக்கு 185 டாலர், இணையப் படிவம், கைரேகைக்கு ஒரு நாள், தூதரகத்தில் நேர்காணலுக்கு இன்னொரு நாள். அந்த நேர்காணலுக்கான தேதி கிடைக்க எடுக்கும் காலம் கப்பலின் பருவத்தையே தாண்டிப் போகலாம். அலாஸ்காவில் கப்பல் ஓடுவது பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரையிலான கோடைக்குள்தான். இதற்கு மேல் 2025 ஜூலையில் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டம், விசாவுக்கு 250 டாலர் கூடுதல் கட்டணம் விதிக்க வழிசெய்திருக்கிறது. வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் சீவர்டில் இறங்கும் ஒருவழிப் பயணத்தை எடுத்தாலும் இரண்டு விசாக்களும் வேண்டும். பத்தாண்டு அமெரிக்க விசா ஏற்கெனவே பாஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்கு அலாஸ்கா அருமையான தேர்வு. கப்பலுக்காக மட்டும் புதிதாக இரண்டு விசாக்களைத் தேடி ஓடுவது, என் கணக்கில், கட்டுப்படியாகாது.

அமெரிக்காவில் வேலையிலிருக்கும் பிள்ளையோடு சேர்ந்து போவதென்றால்

பெற்றோரை வரவழைத்து மயாமியிலிருந்து பஹாமாஸ் போய்வரலாம் என்று திட்டமிடும் குடும்பங்களில், ஒரே அறைக்குள் நான்கு விதமான சட்டங்கள் இருக்கும். அங்கே பிறந்த பேரப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன். அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அதே துறைமுகத்துக்குத் திரும்பும் பயணத்துக்குப் பிறப்புச் சான்றிதழே போதும். பாஸ்போர்ட் அட்டையும் கடல்வழிக்குச் செல்லும். ஆனால் இரண்டுமே வெளிநாட்டிலிருந்து விமானமேறித் திரும்ப உதவாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பஹாமாஸின் தலைநகர் நஸாவில் இறங்க நேர்ந்தால் கையில் பாஸ்போர்ட் புத்தகம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான பச்சை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருப்பவர் அந்த அட்டையோடு இந்தியப் பாஸ்போர்ட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும். அவருக்குக் கனடா விசா தேவையில்லை என்பதால் அலாஸ்காப் பயணத்தில் அவர் பாடு கொண்டாட்டம்.

அதிகம் தவறு நடப்பது எச்-1பி என்ற வேலை விசாக்காரர்களிடம். பாஸ்போர்ட்டிலுள்ள விசா முத்திரை காலாவதியாகி, வேலை அனுமதி மட்டும் நீட்டிக்கப்பட்ட நிலையில் பலர் ஆண்டுக்கணக்காக இருக்கிறார்கள். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ முப்பது நாளுக்குள் போய்த் திரும்பினால், நாட்டுக்குள் வந்ததற்கான ஐ-94 என்ற செல்லுபடியாகும் பதிவைக் காட்டி அந்தக் காலாவதியான முத்திரையோடே நுழைய ஒரு விதி இடம் தருகிறது. நண்பர்கள் சொல்லக் கேட்டு இதையே கரீபியன் தீவுகளுக்கும் நீட்டிக்கொள்கிறார்கள். பக்கத்துத் தீவுகளுக்கான சலுகை மாணவர் விசாவான எஃப், பரிமாற்ற விசாவான ஜே ஆகியவற்றுக்கு மட்டுமே உண்டு, எச்-1பிக்குக் கிடையாது. காலாவதியான முத்திரையோடு பஹாமாஸ் போனவர், அமெரிக்கத் தூதரகத்தில் புது முத்திரை வாங்காமல் திரும்ப முடியாது. மெக்சிகோவின் என்செனாடா மட்டும் போய்வரும் லாஸ் ஏஞ்சல்ஸ் கப்பலில் அமெரிக்கப் பக்கம் பிரச்சினை இல்லை என்றாலும், மெக்சிகோ இந்தியர்களுக்கு விசா விலக்கு அளிப்பது அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா இருந்தால்தான்; காலாவதியானது அங்கே எண்ணிக்கையில் வராது. அந்த நிலையில் இருப்பவர் முதலில் முத்திரையைப் புதுப்பித்துக்கொண்டு பிறகு கப்பலைப் பார்ப்பதே சரி.

சென்னைக் குடும்பத்துக்கு வருவோம். பயணத்துக்கு மூன்று மாதமே இருக்கிறது, எந்த விசாவும் கையில் இல்லை என்றால் சிங்கப்பூர். ஏழெட்டு மாதம் அவகாசமும், ஐரோப்பாவை எப்படியும் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தால், ஷெங்கனை விட்டு வெளியேறாத மேற்கு மத்தியதரைக் கடல். இதில் தேதிகளும் ஒத்துழைக்கின்றன: திரும்பப் பெறக்கூடிய முன்பணத்தோடு ஏழு மாதம் முன்பு பதிவுசெய்து, ஆறு மாதம் நெருங்கியதும் விண்ணப்பித்தால், கடைசித் தவணை கட்டும் நாளுக்கு முன்பே விசாவின் முடிவு பெரும்பாலும் தெரிந்துவிடும். சிங்கப்பூர்ப் பயணத்தில் இல்லாத இந்த நிம்மதிக்கு நான் நிறைய மதிப்பெண் தருவேன்.

விசா எதுவானாலும், ஏறும் நாளுக்கென்று ஒன்று உண்டு. துறைமுக வாசலிலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவை மாலையில்தான் அறைக்கு வந்து சேரும். பாஸ்போர்ட்டும் அச்சிட்ட விசாக்களும் தோள்பையில் இருக்க வேண்டும். அவற்றைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவரின் பெட்டி கப்பலுக்குள் போய்விடும், அவர் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டிருப்பார்.